நிரஞ்சனுக்கு ஒரு கோச்

"கட்டாருல கோச் வேலை ஒண்டு கெடச்சிரிக்கி சேர். இந்தக் கெழமையே போகோணும்" என்று அரூஸ் சொன்னபோது மோகனராஜ் கோல் கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கயிறு நழுவியது. வலை முழுவதும் அவர் தலைமேல் வந்து விழுந்தது.

வலைக்குள் நின்றபடியே, போகாமல் இருக்க முடியாதா என்று கேட்டார்.

முடியாது என்றார் அரூஸ். கெலிஓயாவில் கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் மழையில் நனைகிறது. மாமியார் வீட்டில் எத்தனை நாளைக்குத்தான் இருப்பது? மருத்துவப் பரிசோதனை, விசா என்று நாளையிலிருந்தே கொழும்புக்கு அலைய வேண்டும். சனிக்கிழமை பயணம். சொல்லிவிட்டு மோகனராஜை வலையிலிருந்து எடுத்துவிட்டார். மனிதர் எப்போதும் உதவி செய்யக்கூடியவர்.

ஹந்தானை ரோவர்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளர் மோகனராஜ். முகாமையாளர் என்றால் வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, வீரர்களுக்குத் தேநீரோடு தின்னப் பணிஸ் வாங்குவது, நடுவரைத் திட்டியவர்களுக்காக நடுவரிடம் மன்னிப்புக் கேட்பது எல்லாம் அதில் அடக்கம். தலைமைப் பயிற்றுவிப்பாளராக சுதேஷ் இருந்தார். ஆனால் அவர் முன்வரிசை ஆட்டக்காரர்களைத் தவிர வேறு எவரையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கோல் போடுவது தன் வேலை, போடவிடாமல் தடுப்பது வேறு இலாகா என்பது அவர் கொள்கை.

அந்த வேறு இலாகாவைத்தான் அரூஸ் பார்த்துவந்தார். கோல்காப்பாளர் நிரஞ்சனுக்கு அவர்தான் கோச்.

அரூஸ், மோகனராஜின் சொந்தக் கண்டுபிடிப்பு. இரண்டு பருவங்களுக்கு முன்பு, கழகத்தின் கோச் வேலைக்கு ஆள் தேவை என்று கண்டியிலிருந்து கம்பளை வரைக்கும் சொல்லிவைத்திருந்த சமயத்தில், ஒருநாள் அலுவலக வாசலில் வந்து நின்றார் அரூஸ். அகன்ற தோள். எதையும் இறுக்கிப் பிடிக்கும் கை. மோகனராஜ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேரே மைதானத்துக்குக் கூட்டிப்போய் நிரஞ்சனைக் காட்டி, இனிமேல் இவன் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அரூஸ் சற்று நேரம் நிரஞ்சனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

அவருடைய பயிற்சி முறை வேறு எவரிடமும் காணாதது. ஆரம்பிக்குமுன் நிரஞ்சனைச் சுற்றி ஒருதரம் நடப்பார். அவனுடைய சப்பாத்துகளைத் தன் காலால் தட்டிப் பார்ப்பார். பிறகு கோலுக்குப் பின்னால் நின்று, முன்னால் வருகிறவனை நம்பாதே, இரண்டு பக்கமும் பார்த்துக்கொள், இடம் இருந்தால் மட்டும் வெளியே வா என்று விடாமல் சத்தம் போடுவார். அவ்வளவுதான் பயிற்சி. ஆனால் அந்த இரண்டு பருவமும் நிரஞ்சனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வமாகிவிட்டது.

நிரஞ்சன் ஹேவாஹெட்டக்காரன். கையைத் தூக்கினால் குறுக்குக் கம்பத்தைத் தொடும் உயரம். மனம் மட்டும் பூனைக்குட்டி. ஒருமுறை அரூஸுக்குக் காய்ச்சல் வந்து அவர் மைதானத்துக்கு வராதபோது, பந்து வந்த பக்கமெல்லாம் நிரஞ்சன் ஒதுங்கி வழிவிட்டு நின்றான். கோல் போட்டவனிடம், "நல்லா அடிச்சீங்க அண்ணே" என்று வேறு சொன்னான்.

இப்போது அரூஸ் போகிறார். சனிக்கிழமை நீர்கொழும்பு அணியோடு கடைசி ஆட்டம். தோற்றால் ரோவர்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

மோகனராஜ் வீட்டுக்குச் சாமான் வாங்கக் கடை வாசலில் நின்றபோது கழகத் தலைவர் சுந்தரலிங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது. கண்டி நகரில் பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். செய்தி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"அரூஸ் போறானாம். அடுத்ததா ஆரைப் போடப் போறீர்?"

மோகனராஜிடம் ஒரு குறை உண்டு. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. வழி கேட்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது என்று சொல்லாமல் ஏதாவது ஒரு பக்கம் கைகாட்டி அனுப்பிவிடுகிறவர்.

"ஆள் ரெடி சேர். வெளிநாட்டு ஆள்."

"எந்த நாடு?"

கடை வாசலில் பாம் எண்ணெய்க் கலன்கள் அடுக்கியிருந்தன. மேல் கலனில் எழுதியிருந்ததை மோகனராஜ் வாசித்தார்.

"மலேசியா சேர்."

தலைவருக்குப் பரம சந்தோஷம். ஆனாலும் முன்யோசனையுள்ளவர். தோற்றால் திங்கட்கிழமை தன் கடைக்கு வேலைக்கு வந்துவிடும்படியும், அங்கே ஆணிப் பக்கத்தில் ஆளில்லை என்றும் சொல்லி வைத்தார்.

மலேசியாவிலிருந்து இரண்டொரு நாளில் ஒரு கோச்சைக் கொண்டுவருவது எப்படி? மோகனராஜ் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்ததில், அக்குறணையில் ஸைத் என்று ஒருவர் அகப்பட்டார். மலேசியாவில் விளையாட்டு விஞ்ஞானம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். பந்தைத் தொட்டதில்லை, ஆனால் பந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மடிக்கணினியோடும் அதை வைக்க ஒரு மடக்கு மேசையோடும் வந்து இறங்கினார்.

அரூஸ் எங்கே என்று நிரஞ்சன் கேட்டான். ஒரு சின்ன வேலையாகக் கொழும்புக்குப் போயிருக்கிறார், அதுவரை இவர் என்றார் மோகனராஜ். பூனைக்குட்டியைத் திடுக்கிட வைக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஸைத் திரையில் கோடுகள் போட்டுக் காட்டினார். பந்து ஒரு பிரச்சினையே இல்லை, கோணம்தான் பிரச்சினை என்றார். உதைக்கிறவனின் இடுப்பு, நிற்கும் காலின் திசை, கம்பத்துக்கும் பந்துக்கும் இடையிலான பாகை. நிரஞ்சன் வாயைத் திறந்தபடி கேட்டான். இவ்வளவு காலமும் இது எதுவுமே தெரியாமல் கோலுக்குள் நின்றிருக்கிறோமே என்று அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயிற்சி ஆரம்பித்தது. சுதேஷின் முன்வரிசைப் பையன்களில் ஒருவன் ஓடிவந்து உதைத்தான். நிரஞ்சன் பந்தைப் பார்த்தான். கம்பத்தைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது. பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போய், திரும்ப உருண்டு வந்து அவன் குதிகாலில் முட்டி நின்றது.

"முப்பத்தேழு பாகை சேர்" என்றான் நிரஞ்சன்.

ஸைத் கணினியில் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மிகச் சரி."

"பந்து உள்ள போயிருச்சே" என்றார் மோகனராஜ்.

"அது வேற விசயம்."

அன்று உதைத்த எல்லாப் பந்தும் உள்ளே போயின. எல்லா விடையும் சரியாக வந்தன. கடைசியில் புல்வெட்டுகிறவர், வழியில் கிடந்த பந்தைத் தள்ளிவிடுவதற்காக லேசாக உதைத்தார். அதுவும் உள்ளே போனது. நிரஞ்சன் அதற்கும் பாகை சொன்னான்.

இதைச் சரிசெய்ய மோகனராஜுக்கு ஒரு யோசனை தோன்றியது. அரூஸ் இல்லாவிட்டால் என்ன, அரூஸின் குரல் இருக்கிறதே. கொழும்பில் ஏதோ வரிசையில் நின்ற அரூஸ், கேட்டதும் தயங்காமல் வாட்சப்பில் குரல் பதிவுகளாக அனுப்பித் தள்ளினார். கழகத்தின் ஒலிபெருக்கியைக் கோலுக்குப் பின்னால் வைத்து, தன் கைபேசியை அதோடு இணைத்தார் மோகனராஜ்.

அடுத்த நாள் பயிற்சியின் நடுவில் ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. மோகனராஜ் குடைக்குள் நின்று கைபேசியைத் தடவினார். விரல் ஈரம். திரை ஈரம். அரூஸின் பெயருக்குக் கீழே இருந்த பெயர் அழுந்திவிட்டது. அது அவர் மனைவி யசோதாவின் பெயர்.

யசோதாவுக்கு நூலகத்தில் வேலை. பகல் முழுவதும் வாய்திறக்கக்கூடாத உத்தியோகம். பேசாமல் சேர்த்துவைத்த அவ்வளவும் மோகனராஜுக்குத்தான் வரும். அன்று அவர் வீட்டில் இருப்பதாக நினைத்து அவள் அனுப்பியிருந்தது, கொடியில் காயும் உடுப்புகளைப் பற்றி.

"மழை வருது, கண்ணு தெரியலயா? அசையாம நிக்கிறதுக்கு நீங்க என்ன கம்பமா? எட்டிக் கைய நீட்டிப் பிடிங்க. ஒண்ணுகூட கீழ விழக்கூடாது, சொல்லிட்டேன்."

ஒலிபெருக்கி அதை மைதானம் முழுவதற்கும் சொன்னது. மோகனராஜ் பதறிப்போய் நிறுத்தப் பார்த்தார். விரல் வழுக்கி, அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

நிரஞ்சன் பாய்ந்தான்.

இடப்பக்க மூலைக்கு வந்த பந்தை எட்டிப் பிடித்தான். எழும்பி மறுபக்கம் வந்ததைத் தட்டிவிட்டான். தலைக்கு மேலே போனதையும் கம்பத்தோடு சேர்த்து அமுக்கினான். சுதேஷ்கூடத் திரும்பிப் பார்த்தார். பதிவு முடிந்ததும் நிரஞ்சன் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, அந்த அக்கா யார் என்று கேட்டான்.

"அந்த அக்கா சத்தம் கேட்டா யோசிக்க நேரமே வரமாட்டேங்குது சேர்."

வீட்டில் கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தன. உன் குரலைக் கேட்டு ஒருத்தன் எல்லாப் பந்தையும் பிடித்தான் என்று மோகனராஜ் சொல்ல நினைத்தார்; பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அது ஒரு பிழை. அதன்பிறகு அவர் செய்யத் தொடங்கியது அதைவிடப் பெரிய பிழை.

அவருக்கு இன்னும் பதிவுகள் தேவைப்பட்டன. ஒரே ஏச்சைத் திரும்பத் திரும்பப் போட்டால் நிரஞ்சனுக்கு அது பாடமாகி, பயம் விட்டுப்போகும். ஆகவே வேண்டுமென்றே தப்புச் செய்தார். தேங்காய் வாங்கச் சொன்னால் தேசிக்காய் வாங்கிவந்தார். மாமியாருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மறந்தார். எரிவாயு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வைத்ததை அவளிடம் சொல்லாமல் புறப்பட்டு வந்தார். பதிவுகள் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு வந்து குவிந்தன. பாலுக்கு வந்தது மட்டும் தனிரகம். அதைக் கேட்டு நிரஞ்சன் பிடித்த ஒரு பந்தை இன்றைக்கும் கழகத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்.

யசோதாவோ, புருஷனுக்கு ஏதோ ஞாபகமறதி வியாதி வந்துவிட்டது என்று நினைத்து அழவே தொடங்கிவிட்டாள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்கு வந்த ஒருவர் அவள் காதருகே குனிந்து, நூலகம் என்பதால் மிக மெல்லமாக, உங்கள் சத்தம் போகம்பரை மைதானத்தில் ஒலிபெருக்கியில் கேட்கிறதே என்று விசாரித்தார்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு யசோதா மைதானத்துக்குள் நுழைந்தபோது, பால் விஷயம் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவள் கோலுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். மோகனராஜ் மைதானத்துக்குள் போட்டிருந்த ஸைத்தின் மடக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார். பிறகு அவள் ஆரம்பித்தாள். பதிவில் வருவதெல்லாம் நூலகத்தின் பின்வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசியவை என்பது அன்றுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"வீட்டுல நான் ஒரு மனுஷி அழுதுகிட்டு கிடக்கேன். இங்க வேடிக்கையா? எங்க பாக்குறீங்க? இங்க பாருங்க. ஓடப் பாக்காதீங்க. நின்ன இடத்துல நில்லுங்க."

அவள் சொன்னது மோகனராஜுக்கு. ஆனால் அவளுக்கும் மோகனராஜுக்கும் இடையில் நிரஞ்சன் நின்றான். அவன் எல்லாவற்றையும் தனக்கே எடுத்துக்கொண்டான். சுதேஷின் முன்வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு பந்தாக அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. அவள் பேசி முடிக்கும்போது நிரஞ்சன் இரண்டு பந்துகளைக் கட்டிப்பிடித்தபடி, "மன்னிச்சிருங்கக்கா" என்றான்.

யசோதா அப்போதுதான் அவனைப் பார்த்தாள். சேறு அப்பிய, ஆறடிக்கு மேல் நீண்ட ஒரு பையன். கண் கலங்கி நின்றான். அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"பாருங்க, யாரோ பெத்த புள்ள. சொன்ன உடனே கேக்குது. நீங்களும் இருக்கீங்களே."

மோகனராஜ் எல்லாவற்றையும் சொன்னார். அரூஸ் போவது, தலைவரிடம் சொன்ன மலேசியா, ஆணிப் பக்கம், எல்லாம். சனிக்கிழமை வரைக்கும் தினமும் வந்து ஏசிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். யசோதா யோசித்தாள். உடுப்புத் தோய்ப்பது, காயப்போடுவது, மழைக்கு எடுப்பது மூன்றும் இனி அவர் பொறுப்பு என்றால் சம்மதம் என்றாள்.

அரூஸ் இனி வரமாட்டார் என்பதை நிரஞ்சனிடம் சொன்னவளும் அவள்தான். அவன் உதடு துடித்தபோது, அழுதால் அடி விழும் என்றாள். அவன் அழவில்லை.

எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று மோகனராஜ் மூச்சுவிட்ட அந்த நேரம் பார்த்துத் தலைவரின் வாகனம் மைதானத்துக்குள் வந்தது. மலேசியாக்காரரைப் பார்க்க வந்திருந்தார்.

மோகனராஜ் ஓடிப்போய் ஸைத்தின் காதில், தமிழில் மட்டும் வாய்திறக்க வேண்டாம் என்று கெஞ்சினார். ஏன் என்று கேட்க ஸைத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை. தலைவர் வந்து கைகுலுக்கினார். பிறகு கோலுக்குப் பின்னால் குடையோடும் கைப்பையோடும் நின்றவளைப் பார்த்தார். யசோதாவை அவர் அதுவரை கண்டதில்லை.

"இது ஆர்?"

"மொழிபெயர்ப்பாளர் சேர். கோச்சுக்குத் தமிழ் வராது."

தலைவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஸைத் வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில், உடலின் எடையை முன்பாதத்தில் வைத்து, முழங்காலைச் சற்றே மடித்து நிற்பது நல்லது என்று மெதுவாகச் சொன்னார். யசோதா நிரஞ்சனைப் பார்த்து, "தூங்காதடா" என்றாள்.

சொன்னது அவ்வளவு நீளம், வந்தது இவ்வளவுதானா என்று தலைவர் சந்தேகப்பட்டார். கருத்து அதுதான் என்றார் மோகனராஜ். பந்துகள் வந்தன. நிரஞ்சன் எல்லாவற்றையும் பிடித்தான். ஸைத் இன்னும் கொஞ்சம் சொன்னார். யசோதா அவரைப் பார்க்காமலே மொழிபெயர்த்தாள். போகப்போக அவர் பேசுவதற்கு முன்னாலேயே மொழிபெயர்த்தாள்.

தலைவர் மோகனராஜின் பக்கம் சாய்ந்து, ஆனால் இரும்புக்கடையில் பேசிப் பழகிய குரலில் சொன்னார்:

"இந்த மலேசியாக்காரன் பந்தைப் படத்திலதான் கண்டிருப்பான் போல கிடக்கு. அந்த மொழிபெயர்க்கிற பிள்ளைதான் வேலை செய்யுது. இவன் சும்மா பொம்மை."

ஸைத் மடிக்கணினியை மூடினார். மேசையையும் மடக்கினார்.

"நான் பொம்மை இல்ல, சேர். நான் படிச்சிட்டு வந்த மனுசன்" என்றார், அழகான தமிழில். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மோகனராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ஆணிகளின் அளவுகள் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தன.

"எவ்வளவு கெதியாத் தமிழ் பிடிச்சிட்டான், பாத்தீரே" என்றார் தலைவர். "நல்ல மூளை. நான்தான் பிழையா நினைச்சிட்டன்."

ஸைத் அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. ஆக, சனிக்கிழமை வந்தபோது ரோவர்ஸிடம் பதிவு செய்த கோல்கீப்பர் கோச் என்று எவரும் இல்லை. அணிக்காரர்களின் இருக்கையில் யசோதா உட்கார முடியாது. கம்பிவேலிக்கு வெளியே, கோலுக்கு நேர் பின்னால், பார்வையாளராகத்தான் நிற்கலாம். மலேசியாக்காரர் எங்கே என்று தலைவர் கேட்டதற்கு, மேலேயிருந்து முழு மைதானத்தையும் அவதானிக்கிறார் என்று மோகனராஜ் ஹந்தானைப் பக்கம் கைகாட்டினார். தலைவர் அந்த மலையைப் பயபக்தியோடு பார்த்தார்.

முதல் பாதி பிசகில்லாமல் போனது. யசோதாவின் குரல் வேலியைத் தாண்டி வந்து நிரஞ்சனை அங்குமிங்கும் எறிந்தது. சுதேஷின் பையன்கள் ஒரு கோலும் போட்டுவிட்டார்கள்.

இடைவேளையில்தான் மோகனராஜுக்கு உறைத்தது. இரண்டாம் பாதியில் பக்கம் மாற வேண்டும். மற்றக் கோலுக்குப் பின்னால் நீர்கொழும்பு ஆதரவாளர்கள் நிறைந்து நின்றார்கள். கையில் பப்பரே வாத்தியங்கள். ட்ரம்பெட்டும் மேளமும் சேர்ந்து ஊதி அடித்தால் பக்கத்தில் நிற்பவன் தும்முவதுகூடக் கேட்காது.

யசோதா அந்தக் கூட்டத்துக்குள் குடையால் வழி பண்ணிக்கொண்டு போனாள். மோகனராஜ் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ஆட்டம் தொடங்கியது, வாத்தியமும் தொடங்கியது. யசோதா கத்தினாள். நிரஞ்சன் காதில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தான். அவன் மேலே பார்க்கத் தொடங்குவதை மோகனராஜ் கண்டார். உதடு அசைந்தது. பாகை எண்ணுகிறான்.

யசோதா வாத்தியக்காரர்களின் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. சுட்டுவிரலை உதட்டில் வைத்து, நூலகத்தில் இத்தனை வருடம் செய்து பழகியதுபோல, ஒரேயொரு "ஷ்ஷ்" மட்டும் சொன்னாள்.

ட்ரம்பெட்காரர் வாயிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்தார். மேளக்காரர் தன் மேளத்தையே கையால் பொத்தினார். இரண்டொருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கமே பரீட்சை மண்டபம் மாதிரி ஆகிவிட்டது.

கடைசி நிமிடங்களில் நீர்கொழும்புக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

யசோதா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. இத்தனை நாளாக ஏசியதில் குரல் முற்றாகப் போய்விட்டிருந்தது. மோகனராஜ் சோடாப் போத்தலை நீட்டினார். அவள் குடித்தாள். மறுபடியும் காற்று.

நிரஞ்சன் திரும்பி அவளைப் பார்த்தான். உதைக்கிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

யசோதா அவனைப் பார்த்தாள். அது ஒரு பார்வை. மோகனராஜுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே தெரியும். அது தன்மேல் விழவில்லை என்று அறிந்தும், உடம்பு கேட்கவில்லை. அவர் தன்னையறியாமல் இடப்பக்கம் துள்ளி விலகினார். நிரஞ்சனும் அதே நொடியில் அதே பக்கம் துள்ளினான். வந்த பந்து அவன் விலாவில் மோதி வெளியே போனது.

நடுவர் கடைசி விசிலை ஊதினார். ரோவர்ஸ் தப்பியது.

மைதானத்துக்குள் ஆட்கள் பாய்ந்தார்கள். நிரஞ்சன் வேலி தாண்டி வந்து யசோதாவின் காலில் விழப் பார்த்தான். அவள் குரலில்லாமலே அவனை ஏசித் தூக்கினாள். சரியாக அந்த நேரம், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அரூஸும் வந்து சேர்ந்தார். வாசலில் வேனை நிறுத்திவிட்டு, புதுச் சட்டையோடு உள்ளே வந்தவரைப் பையன்கள் அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்கள். "சேர், ஒங்களுக்கிட்ட ஒரு விசயம் சொல்லோணும்" என்று அவர் மோகனராஜை நோக்கிக் கையாட்டியபடியே மைதானத்தின் மறுபக்கம் மிதந்து போனார்.

தலைவர் மோகனராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்கள் நனைந்திருந்தன.

"அரூஸையும் நீர்தானே கண்டுபிடிச்சனீர். மலேசியாக்காரனையும் நீர்தான். அந்தப் பிள்ளையையும் நீர்தான். ஆக்களைப் பாத்த உடனே மதிக்கிற கண் உமக்குக் கடவுள் தந்தது. இனிமேல் கழகத்துக்கு ஆள் எடுக்கிற வேலை முழுக்க உம்முடைய பொறுப்பு. என்ரை கடைக்கும் நீர்தான் எடுத்துத் தரோணும்."

மோகனராஜ் எதையும் மறுக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும் சேர், ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே அது முழுக்க முழுக்க உண்மையாகத் தோன்றியது. நிமிர்ந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் நடந்தார். அரூஸ் மாதிரி ஒரு மனிதரை முறையாக வழியனுப்ப வேண்டாமா?

வேனின் மேல்தட்டில் அரூஸின் மச்சினன் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். கட்டாரில் எந்த அணிக்குப் போகிறார், பெரிய அணியா, கோல்கீப்பர் பெயர் என்ன என்று மோகனராஜ் பெருமையோடு கேட்டார்.

மச்சினன் கயிற்றை விட்டுவிட்டு அவரை எட்டிப் பார்த்தான்.

"டீம் ஒண்டும் இல்ல சேர், அங்க அம்பது சீட் கோச் ஒண்டு ஓட்டப் போறார், ஒங்களுக்கிட்டயும் அவர் ட்ரைவர் வேலை கேட்டுத்தானே வந்தார், நீங்கதான் பஸ்ஸக் காட்டாம கோலக் காட்டிட்டீங்க."